வள்ளுவர்க்கு முகந்தந்த ஓவியர்

(தொப்பூரில் திருவள்ளுவர் நாள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இந்தத் தொப்பூர்க் கணவாய் வழியே நாளொன்றுக்கு எத்தனைப் பேருந்துகள் ஏறி இறங்குகின்றன என்று இவ்வூரார் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் அரசுப் பேருந்து ஒன்றில் ஏறி அமருங்கள். உள்ளே ஒரு குறள் எழுதப்பெற்றிருக்கும். பல பேருந்துகளில் அதன் பக்கத்தே ஒரு சிறு படமும் இருக்கும். உச்சியில் முடிந்த கொண்டை, நெஞ்சுவரை இறங்கிய தாடி, வெண்ணிற மேலாடை, ஒரு கையில் எழுத்தாணி, மறு கையில் ஓலைச்சுவடி. அப்படத்தின் கீழே பெயர் எழுத வேண்டுவதில்லை. எழுத்தறியாத மூதாட்டியும் அதைக் கண்டவுடன் 'வள்ளுவர்' என்று சொல்லிவிடுவார். மேட்டிலே திணறி ஏறுகின்ற சரக்குந்தை முந்த வழியின்றிப் பேருந்து ஊர்ந்து போகும் அந்தக் கால்மணி நேரத்தில், ஊர்திக்குள் இருக்கும் அத்தனை பேரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

அந்த முகம் யாருடைய முகம்? வள்ளுவர் முகம் என்பீர்கள். வள்ளுவரைக் கண்டவர் யார்? எவருமிலர். அவர் காலத்துக் கல்வெட்டிலோ காசிலோ சிற்பத்திலோ அவருருவம் இல்லை. அவர்தம் நூலிலும் தம்மைப் பற்றி ஒரு சொல் சொன்னாரிலர். தம் ஊரைச் சொல்லவில்லை. தம் அரசனைச் சொல்லவில்லை. 'தமிழ்' என்னும் சொல்லைக்கூட 1330 குறளில் ஓரிடத்தும் ஆளவில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு இன்று ஒரு முகம் இருக்கின்றது. அது தமிழர் அனைவர்க்கும் தெரிந்த முகமாக இருக்கின்றது. அந்த முகத்தை வரைந்தளித்தவர் பெயரோ நூற்றில் ஒருவர்க்கும் தெரிவதில்லை. அவர் பெயர் கே. ஆர். வேணுகோபால் சர்மா.

பெயரைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிப்பது தெரிகின்றது. அதனைப் பிறகு பேசலாம்.

அவர் 1908-ஆம் ஆண்டு அன்றைய சேலம் மாவட்டத்தில் பிறந்தவர். அன்று தருமபுரி என்று ஒரு தனி மாவட்டம் இல்லை. 1965-ஆம் ஆண்டு அத்தோபர் 2-ஆம் நாள்தான் சேலத்திலிருந்து தருமபுரி பிரிக்கப்பெற்றது. ஆகலின் இந்தத் தொப்பூரும் அவர் பிறந்த மண்ணும் அன்று ஒரே மாவட்டம். 1790-இல் திப்புவின் படையும் அதைத் துரத்திவந்த ஆங்கிலேயர் படையும் கடந்துபோன கணவாய் இது என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. படை நடத்தியவர் பெயரெல்லாம் நூலில் ஏறிவிட்டன. அதே மாவட்டத்தில் பிறந்து தூரிகை பிடித்தவர் பெயரைச் சொல்ல இப்படி ஒரு கூட்டம் கூட்ட வேண்டியிருக்கின்றது.

ஓவியர் கை ஓர் இனத்தின் நினைவை எப்படி ஆளுகின்றது என்பதற்குத் தகடூர் நாட்டாராகிய உங்களுக்கு வேறு சான்று வேண்டா. உங்கள் அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்தில் இருந்த ஔவையாரை எண்ணிப் பாருங்கள். தொண்டைமானிடம் தூது சென்ற அந்தப் பெண்மகளை எப்படி எண்ணுகின்றீர்கள்? நரைத்த தலை, கூன் முதுகு, கையில் கோல், நெற்றியில் நீறு! கழகக் காலத்து ஔவையார் யாழும் பாட்டும் கைவரப்பெற்ற பாடினி. அவரைக் கிழவி என்று சொல்லும் சான்று புறநானூற்றில் இல்லை. பின்னாளில் வாழ்ந்த வேறோர் ஔவையாரையும் இவரையும் ஒன்றாக்கினர் படம் வரைந்தோர். 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் அந்தக் கோலத்தில் பாடி நடித்தார். அன்றோடு அது முடிந்த முடிபாயிற்று. இனி எந்தப் புலவர் எத்தனைக் கட்டுரை எழுதினாலும் தமிழன் கண்ணில் ஔவை கிழவிதான். ஒரு படம் தவறாகப் பதிந்துவிட்டால் நூறு நூல்கள் கூடி அதை அழிக்க முடியாது.

வள்ளுவர்க்கும் அந்தத் தீங்கு நேர இருந்தது. பழைய அச்சுநூல்களைப் புரட்டினால் தெரியும். சடைமுடி, நீறு, அக்கமணி எல்லாம் பூட்டி அவரை ஒரு சைவ முனிவராக்கி வைத்திருந்தனர். வேறு சிலர் அவரை அமணராகக் கண்டனர். சென்னையில் ஆட்சிப்பணியில் இருந்து 1819-இல் மறைந்த எல்லீசன் என்னும் ஆங்கிலேயர் திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு வெளியிட்டார். அக்காசில் உள்ள உருவம் குடைக்கீழ் அமர்ந்த அமணத் துறவியை ஒத்திருக்கின்றது என்று ஆய்வறிஞர் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டியுள்ளார். ஒரே புலவர், அச்சிட்டவர் கைக்கேற்ப ஒரு கோலம். கூடா ஒழுக்கம் என்னும் அதிகாரத்திலே, உலகம் பழிக்கும் தீயொழுக்கத்தை விட்டவனுக்குத் தலையை மழிக்கவும் வேண்டா, சடையை வளர்க்கவும் வேண்டா என்று தெளிவாகச் சொன்னவர் அவர். அவர் தலையிலேயே சடையை ஏற்றிவைத்தனர்! நூலைப் படிக்காமல் நூலாசிரியர்க்குப் படம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

தலைவர் படம் வரைவோர் தொழில் எப்படிப்பட்டது என்பதை ஈண்டுச் சிறிது சொல்ல வேண்டும். இந்தச் சாலையோரத்துச் சுவர்களில் தேர்தல் காலந்தோறும் தலைவர் முகங்களை எழுதிய ஓவியர்களை உங்களில் மூத்தோர் கண்டிருப்பீர்கள். கையில் ஓர் ஒளிப்படம். அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு. சுவரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். சிறிய கட்டத்தில் உள்ள கோட்டைப் பெரிய கட்டத்துக்கு ஏற்றுவர். கறுப்பு வெள்ளைப் படமாயின் மேனி நிறத்தைக் கேட்டறிந்து பூசுவர். முகம் சற்றுப் பிசகினாலும் குற்றமில்லை. அடையாளம் பிசகக் கூடாது. பெரியார்க்குத் தாடியும் கைத்தடியும், அண்ணாவுக்கு மேல்துண்டு, எம். சி. இராமச்சந்திரனார்க்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். இந்த அடையாளங்கள் இருந்தால் முகம் பாதி தானே வந்துவிடும். (அந்தக் கைத்தொழிலை, 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த நெகிழித் துணி அச்சுப் பதாகைகள் விழுங்கிவிட்டன. ஓர் இரவில் முப்பது அடிக்கு முகத்தை அச்சிட்டுத் தொங்கவிடுகின்றார்கள். வரைந்தவன் கையும் இல்லை. ஓராண்டு தாங்கும் நிறமும் இல்லை. அந்த ஓவியர்கள் பலர் இன்று வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கின்றனர்.)

இவையெல்லாம் ஒளிப்படம் உள்ள தலைவர்க்கு. வள்ளுவர்க்கு எதை வைத்துக் கட்டம் போடுவது? முன்னால் வந்து அமர ஆள் இல்லை; பார்த்து எழுத ஒரு பழம்படம் இல்லை; இருந்த படங்களோ அவரவர் சமயத்துச் சாயம் ஏறியவை. வேணுகோபால் சர்மாவின் முன் இருந்த சான்று 133 அதிகாரம் கொண்ட ஒரு நூல் மட்டுமே. இப்படிச் சொன்னவன் எப்படி அமர்ந்திருப்பான், கண்ணை எங்கே நாட்டியிருப்பான், சினம் வேண்டா என்றவன் புருவம் எப்படி இருக்கும், காமத்துப்பாலையும் எழுதிய ஒருவன் வாழ்வை வெறுத்த முகத்தோடு இருப்பானா என்றெல்லாம் நூலை வைத்துத்தான் முடிவு செய்தாக வேண்டும். உள்ளத்தில் உள்ளதை முகத்தைக் கொண்டு அறிவதற்குக் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். ஓவியர்க்கு நேர்ந்ததோ அதன் மறுதலை: உள்ளம் நூலாய் முன்னே கிடக்கின்றது, அதனைக் கொண்டு முகத்தை அறிய வேண்டும். பல்லாண்டு உழைப்பின் பின் 1959-இல் அந்த ஓவியம் நிறைவுற்றது.

அந்த ஓவியத்தில் இருப்பதைக் காட்டிலும் இல்லாததைப் பாருங்கள். நெற்றியில் நீறு இல்லை; நாமம் இல்லை; பொட்டு இல்லை. கழுத்தில் மணி இல்லை. கையில் துறவியின் கோலும் நீர்க்கலமும் இல்லை. அரசவைப் புலவரென்று காட்டப் பொன்னும் பட்டும் இல்லை. உடை வெண்மை. மார்பின் குறுக்கே நூல் உண்டா இல்லையா என்னும் கேள்விக்கே இடமில்லாதபடி மேலாடை மார்பைப் போர்த்திக் கிடக்கின்றது. அந்த மேலாடை வெறுந்துணியன்று. பிறப்பால் வள்ளுவரைத் தம் பக்கம் இழுக்க நினைப்பார் எவர்க்கும் அது போட்ட தடை. மேற்குலத்தார் என்று சொல்லிக்கொள்ளவும் இடமில்லை. தாழ்ந்த குலத்தார் என்று தள்ளவும் இடமில்லை.

இதைச் செய்தவர் பார்ப்பனக் குடியிற் பிறந்த ஒருவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. பெயரைக் கேட்டு முகம் சுளித்தோர் இங்கே செவி கொடுக்க வேண்டும். தனித்தமிழ் அன்பர்க்குப் பெயர் பெரிது. 1916-இல் தனித்தமிழ் இயக்கங் கண்ட வேதாசலனார் மறைமலையடிகளானார். அவர்க்கு முன்பே, சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞரானார். அவரும் பார்ப்பனக் குடியினரே. பெயரைத் தமிழாக்குதல் ஒரு தொண்டு. அதனைச் செய்தாரைப் போற்றுகின்றோம். ஆனால் வேணுகோபால் சர்மா தம் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வள்ளுவர் மேனியில் ஏறியிருந்த அயற்சின்னங்களைக் களைந்தார். தம் பெயரைத் தூய தமிழாக்கிக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் நீறு பூசிய வள்ளுவரை மாட்டி வைத்திருக்கும் அன்பர்களும் உண்டு. இருவரில் தமிழ்க்குச் செய்தவர் யார் என்பதை அவரவர் நெஞ்சே சொல்லட்டும். அவரை 'ஓவியப் பெருந்தகை' என்று தமிழுலகம் அழைத்தது. அந்தச் சொல் தூய தமிழ்ச்சொல். அவர்க்குப் பொருந்தும் சொல்.

படத்தை அண்ணாவும் பாவேந்தர் பாரதிதாசனாரும் கண்டு ஏற்றனர். 1960-ஆம் ஆண்டு பிப்பிரவரி 15-இல் நடுவணரசின் அஞ்சல்துறை திருவள்ளுவர் அஞ்சல்தலையை வெளியிட்டது. பிறகு 1964-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள், சென்னைச் சட்டமன்றத்தில் திருவள்ளுவர் திருவுருவப் படம் திறக்கப்பெற்றது. அப்போது முதலமைச்சர் பேராயக் கட்சியின் பக்தவச்சலனார். திறந்து வைத்தவர் குடியரசுத் துணைத்தலைவர் சாகிர் உசேன். மறு ஆண்டிலேயே மொழிப்போரில் பக்தவச்சலனார் ஆட்சி தமிழ் மாணவரைச் சுட்டது, அதை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும் அந்த ஆட்சியும் இந்தப் படத்தை மறுக்க முடியவில்லை. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபோது, அரசு அலுவலகங்கள்தோறும் வள்ளுவர் படம் இருக்க வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டு, ஆட்சிகள் இரண்டு; ஏற்றுக்கொண்டதோ ஒரே முகம்.

சட்டமன்றத்துப் படவரிசையை நினைத்துப் பாருங்கள். 1948-இல் காந்தியடிகள் படமும் இராசாசி படமும் திறக்கப்பெற்றன. அடுத்துப் பதினாறு ஆண்டு கழித்து வந்தவர் வள்ளுவர். அவர்க்குப் பின் 1969-இல் அண்ணா, 1977-இல் காமராசர், 1980-இல் பெரியாரும் அம்பேத்கரும் முத்துராமலிங்கரும் கண்ணியத்துக்குரிய இசுமாயிலும் என வரிசை நீண்டது. அனைவரும் இருபதாம் நூற்றாண்டுத் தலைவர்கள். அனைவர்க்கும் ஒளிப்படம் உண்டு. கண்டு பழகியோர் உண்டு. அவர் நடுவே, ஒளிப்படம் இல்லாத, கண்டோர் இல்லாத ஒரே ஒருவர் வள்ளுவர். கட்சித் தலைவர் படங்களுக்கு நடுவே ஒரு புலவர் படம் ஏறியது சிறிய செய்தியன்று.

வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றின் சுவரைப் பாருங்கள். ஆட்சி மாறியவுடன் முதற்பணி படமாற்றந்தான். முன்னவர் படத்தைக் கழற்றுவர். அந்த இடத்தில் சுவர் வெளிறித் தெரியும். அந்த வெளிற்றை மூடும் அளவுக்குப் புதியவர் படத்தைத் தேடி மாட்டுவர். கழற்றிய படம் பதிவறையில் பழந்தாள்களின் நடுவே கிடக்கும். அதே சுவரில் இருக்கும் வள்ளுவர் படத்தை எவரும் தொடுவதில்லை. 1967-க்குப் பின் எத்தனை முதலமைச்சர்கள்! அத்தனை மாற்றத்திலும் ஆணியை விட்டு இறங்காத படம் அது.

இப்படிச் சொல்வதால் அந்த ஓவியம் குறையற்றது என்று கொள்ள வேண்டா. தாடியும் கொண்டையும் எதற்கு என்று கேட்ட தமிழறிஞர் உண்டு. அக்கேள்வி தக்க கேள்வியே. இல்வாழ்க்கையை அறத்தின் முதற்கண் வைத்துப் பாடிய ஒருவரை ஒரு முனிவர் சாயலில் காட்டுவது முழுதும் பொருந்துமா? சடையை இறக்கிய ஓவியர் கொண்டையை விட்டுவிட்டாரே! உண்மைதான். ஆனால் மக்கள் மனத்தில் முன்னரே ஊறியிருந்த முனிவர் கோலத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டு அதன் சமயச் சின்னங்களை மட்டும் நீக்கினாலன்றி, அந்தப் படத்தை நாடு ஏற்றிருக்காது. தாடியில்லாத, கொண்டையில்லாத ஒருவரை வரைந்திருந்தால், 'இது யார்?' என்று கேட்டுவிட்டுப் பழைய நீறு பூசிய படத்துக்கே திரும்பியிருப்பர். மேலும், பெரியார்க்குக் கைத்தடியைப் போல வள்ளுவர்க்கும் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையொன்று கரிக்கோலால் ஒரு கொண்டை, ஒரு தாடி, ஓர் ஓலை என்று மூன்று கோடு இழுத்தால் அது வள்ளுவராகிவிடுகின்றது.

இனி, வருத்தத்துக்குரிய ஒரு செய்தி. கருவிப்பூசை நாளின் மறுநாள் ஏதேனும் ஓர் அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். எழுதுபொறிக்கும் கணிப்பொறிக்கும் இட்ட சந்தனத்தையும் குங்குமத்தையும் வள்ளுவர் படக் கண்ணாடியின் மேலும் நெற்றிக்கு நேராக இட்டிருப்பார்கள். இட்ட ஊழியர் கெட்டவரல்லர், அன்பினால் இட்டவர். ஆனால் ஓர் ஓவியர் எண்ணியெண்ணி வெறுமையாய் விட்ட இடம் அந்த நெற்றி. அவர் நீக்கியதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு விரல் மீண்டும் எழுதிவிடுகின்றது. அடுத்த திங்களில் அது காய்ந்து உதிர்ந்துவிடும். யாரும் துடைக்க மாட்டார்கள்.

அன்பினால் செய்வது அங்ஙனமிருக்க, அறிந்தே செய்வாரும் உளர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் அரசியற்கட்சியின் இணையப் பக்கத்தில் வள்ளுவர்க்குக் காவியுடையும் நீறும் அணிவித்த படம் வந்தது. தமிழகம் எங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே நாள்களில் தஞ்சைக்கு அருகே பிள்ளையார்பட்டியில் இருந்த வள்ளுவர் சிலையை இழிவுசெய்தனர். 2024-இல் திருவள்ளுவர் நாளில் ஆளுநர் மாளிகை வெளியிட்ட வாழ்த்திலும் காவி வந்தது. எதிர்ப்பு எதைச் சான்றாகக் காட்டி எழுந்தது என்று பாருங்கள். 'இஃது எங்கள் வள்ளுவர் அல்லர். வெள்ளுடை வள்ளுவரே எங்கள் வள்ளுவர்' என்றுதான் தமிழர் சொன்னார்கள். அந்த வெள்ளுடை வரலாற்றுச் சான்றன்று. 1959-இல் ஓர் ஓவியர் தூரிகை தீட்டியது. கற்பனையைக் கற்பனையால் மறுக்கலாமா என்று சிலர் எள்ளினர். எள்ளட்டும். ஒன்று நூலைப் படித்து, அதில் இல்லாததை விலக்கி வரைந்த கற்பனை. மற்றொன்று அதன்மேல் பூசிய சாயம். இரண்டும் ஒரு தரத்தன அல்ல.

வேணுகோபால் சர்மா 1989-இல் மறைந்தார். 2000-ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் குமரிமுனைக் கடற்பாறையில் 133 அடிக் கற்சிலை திறக்கப்பெற்றதை அவர் காணவில்லை. அதனை வடித்தவர் கணபதிச் சிற்பியார். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. சிலை 95 அடி, ஏனைய அதிகாரங்களுக்கு. ஓவியத்தில் அமர்ந்திருந்த வள்ளுவர் அங்கே நிற்கின்றார். கொண்டையும் தாடியும் அங்கும் உண்டு. தொப்பூர் வழியே போகும் இந்த நெடுஞ்சாலை தெற்கே முடியும் இடமும் அக்குமரிமுனையே. இங்கே பேருந்தில் சிறு படமாய்ப் பார்த்த முகத்தை அங்கே கல்லில் அண்ணாந்து பார்க்கலாம்.

சிலை செய்தார் பெயரைத் தேடுவோர்க்குக் கிடைக்கின்றது. திறந்தார் பெயர் எல்லாவற்றுக்கும் கல்லில் இருக்கின்றது. படம் வரைந்தார் பெயர் மட்டும் நாட்காட்டியில் இல்லை, பாடநூற் படத்தின் கீழ் இல்லை, பேருந்தில் இல்லை. ஆகலின் இக்கூட்டத்துக்கு வந்த இளைஞர்கள் ஒரு சிறு வேலை செய்தல் வேண்டும். உங்கள் படிப்பகத்திலும் பள்ளியிலும் மன்றத்திலும் தொங்கும் வள்ளுவர் படத்தைக் கழற்றித் துடையுங்கள். கண்ணாடியில் காய்ந்த பொட்டு இருந்தால் ஈரத்துணியால் எடுங்கள். சட்டத்தின் அடிப்பக்கம் ஒரு விரலளவு வெற்றிடம் இருக்கும். அங்கே, 'ஓவியம்: கே. ஆர். வேணுகோபால் சர்மா, 1959' என்று நல்ல கையெழுத்தில் எழுதி, மீண்டும் அதே ஆணியில் மாட்டுங்கள்.